கேட்டால்தான் வரும் ஆவணம்: வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் – வாசகர் கேள்வி பதில்

வாகன விபத்து இழப்பீடு குறித்து அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே தவிப்பைச் சொல்கின்றன. ஆதாரம் வேறொருவர் கையில் இருக்கிறது, அவர் தர மறுக்கிறார், நாங்கள் எளியவர்கள், என்ன செய்வது என்பதே அந்தத் தவிப்பு. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் சட்டம் கொடுத்திருக்கும் அதிகாரங்களில் பாதி இந்தத் தவிப்பைத் தீர்ப்பதற்காகவே கொடுக்கப்பட்டவை. அவற்றைப் பயன்படுத்துமாறு தீர்ப்பாயத்திடம் மனு கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரியாமல் இருக்கிறது. ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, என் கணவர் சென்ற ஆண்டு காங்கயம் சாலையில் இருசக்கர வாகனத்தில் வந்துகொண்டிருந்தபோது லாரி மோதி இறந்துவிட்டார். அவருக்கு வயது 38. கறவை மாடுகள் வைத்து, இரண்டு வேளையும் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றித்தான் குடும்பத்தை நடத்தினார். சம்பளச் சீட்டோ வருமான வரிக் கணக்கோ கிடையாது. சங்கத்தில் போய்க் கணக்குக் கேட்டால், 'கோர்ட்டிலிருந்து கடிதம் வரட்டும்' என்கிறார்கள். வருமானத்துக்கு ஆதாரமே இல்லை என்று காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் சொல்கிறார். என்னையும் இரண்டு குழந்தைகளையும் என் மாமியாரையும் அவர் ஒருவர்தான் காப்பாற்றி வந்தார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, தாராபுரம் வட்டம்

பதில்: சகோதரி, சங்கத்தார் சொன்ன அந்தக் 'கடிதம்' எங்கிருந்து வரும் என்பதைச் சட்டமே சொல்லியிருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 169ஆவது பிரிவு, தீர்ப்பாயம் தனக்குப் பொருத்தமாகத் தோன்றும் சுருக்கமான நடைமுறையைப் பின்பற்றலாம் என்று தொடங்கி, சத்தியப் பிரமாணத்தின் மீது சாட்சியம் பெறுவது, சாட்சிகளை வரவழைப்பது, ஆவணங்களையும் பொருள்களையும் கொண்டுவரச் செய்வது ஆகியவற்றில் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள எல்லா அதிகாரங்களும் அதற்கு உண்டு என்று இரண்டாம் உட்பிரிவில் தெளிவாகக் கூறுகிறது. ஆகவே, பால் சங்கத்தின் செயலாளருக்கு ஆவண சம்மன் அனுப்பக் கோரி உங்கள் வழக்கறிஞர் ஒரு மனு தாக்கல் செய்தால் போதும். அந்த மனுவில், உங்கள் கணவரின் உறுப்பினர் எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரையிலான கணக்கு வேண்டும், பால் வரவுப் பேரேடா, பட்டுவாடாப் பதிவேடா, அல்லது இரண்டுமா என்பதை விவரமாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். 'தொடர்புடைய எல்லா ஆவணங்களும்' என்று பொத்தாம் பொதுவாகக் கேட்கும் மனுவை எதிர்த்தரப்பு எளிதில் எதிர்த்துவிடும். அலுவலகமும் எதை எடுப்பது என்று தெரியாமல் காலம் கடத்தும்.

சம்மன் பேட்டா (சாட்சியின் வழிச்செலவு) கட்டி அனுப்பியதும், செயலாளர் தாமே வரலாம், அல்லது ஆவணத்தை மட்டும் வேறொருவர் மூலம் கொடுத்தனுப்பலாம். ஆவணத்தை ஒப்படைக்க மட்டும் அழைக்கப்பட்டவர் நேரில் வராமல் அதைச் சேர்ப்பித்தாலே சம்மனுக்குக் கீழ்ப்படிந்தவராகிறார் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் விதி. ஆனால் உங்கள் வழக்கில் அவரோ கணக்கு எழுதும் ஊழியரோ கூண்டில் ஏறி, 'இது எங்கள் சங்கத்தின் வழக்கமான பதிவேடு, இந்தப் பக்கங்கள் இன்னாருடைய கணக்கு' என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிடுவது நல்லது. வெறும் காகிதமாக வந்து விழும் நகலைக் குறுக்கு விசாரணையே இல்லாமல் ஐயத்துக்குரியதாக்கிவிட முடியும். அதை எழுதிய கை வந்து நின்றுவிட்டால் அது எளிதல்ல. சம்மன் சென்றும் வராதவருக்குப் பிடியாணை பிறப்பிக்கவும் அபராதம் விதிக்கவும் வழி உண்டு என்றாலும், அந்த நிலைக்குப் போகும் வழக்குகள் மிகக் குறைவு. நீதிமன்ற முத்திரை வைத்த தாள் கைக்கு வந்தவுடன் அலுவலகங்களின் தயக்கம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

இத்தகைய பேரேடு ஒன்றை ஒரு வழக்கில் நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். நாள் ஒன்றுக்குக் காலை, மாலை என்று இரண்டு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் லிட்டர், கொழுப்புச் சத்து, தொகை. விபத்து நடந்த நாளின் காலைக் கட்டத்தில் ஆறரை லிட்டர் என்று எழுதியிருந்தது. மாலைக் கட்டம் வெறுமையாக இருந்தது. அதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் ஒரு வேளைகூட விடுபடாத அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, 'தொழிலே இல்லாதவர்' என்ற வாதத்தை எதிர்த்தரப்பு மேற்கொண்டு அழுத்தவில்லை.

இந்த ஒரு பேரேட்டுக்காக இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று தோன்றலாம், கணக்கைப் பாருங்கள். வருமான ஆதாரம் இல்லையென்று தீர்ப்பாயம் உத்தேசமாக மாதம் 10,000 ரூபாய் என்று எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குட்பட்ட சுயதொழில் செய்பவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறியது. அப்போது அது 14,000 ஆகும். சார்ந்திருப்பவர்கள் நால்வர் என்பதால், இறந்தவரின் சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 10,500, ஆண்டுக்கு 1,26,000. 36 முதல் 40 வயது வரையுள்ளவருக்கு இந்த ஆண்டுத் தொகையைப் பெருக்கும் எண் 15 என்று 2009ஆம் ஆண்டு சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணை சொல்கிறது. ஆக, வருமான இழப்பு 18,90,000 ரூபாய். அதே கணக்கை, பேரேட்டின் துணையோடு மாத வருமானம் 15,000 என்று நிரூபித்துப் போட்டால் 28,35,000 ரூபாய் வருகிறது. ஒரு பதிவேடு வருவதற்கும் வராமல் போவதற்கும் இடையே 9,45,000 ரூபாய் இருக்கிறது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பேரேட்டில் உள்ள தொகை முழுவதும் வருமானம் ஆகிவிடாது. தீவனச் செலவு கழியும். அதோடு, 'மாடுகள் இன்னும் வாரிசுகளிடம்தானே இருக்கின்றன, அவற்றின் வருமானம் நிற்கவில்லையே' என்றும் எதிர்த்தரப்பு கேட்கும். சொத்து மிச்சமிருக்கும்போது இறந்தவரின் உழைப்பையும் மேற்பார்வையையும் இழந்ததற்குத்தான் மதிப்புப் போட வேண்டும் என்ற வாதம் நீதிமன்றங்களில் ஏற்கப்பட்டிருக்கிறது. எனவே, அவர் இறந்தபின் எத்தனை மாடுகளை விற்க நேர்ந்தது, பால் அளவு எவ்வளவு குறைந்தது, கறக்க ஆள் வைத்தால் என்ன கூலி ஆகிறது என்பதையும் உங்கள் சாட்சியத்தில் சொல்லுங்கள். விபத்துக்குப் பிந்தைய மாதங்களின் சங்கக் கணக்கையும் அதே சம்மனில் கேட்டு வாங்குங்கள். அந்தச் சரிவும் உங்களுக்குச் சாட்சிதான்.

கேள்வி: கிருஷ்ணகிரி அருகே நடந்த விபத்தில் என் தந்தை இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. மோதிய லாரி வெளிமாநிலப் பதிவு. நாங்கள் மதுரையில் இருக்கிறோம். வழக்கைக் கிருஷ்ணகிரியில்தான் போட வேண்டும் என்று ஒருவரும், ஆறு மாதம் கடந்துவிட்டதால் இனிப் போடவே முடியாது என்று மற்றொருவரும் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகர், மதுரை

பதில்: முதலாமவர் சொன்னது தவறு. 166ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி விபத்து நடந்த இடத்திலோ, மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலோ, எதிர்மனுதாரர் வசிக்கும் இடத்திலோ உள்ள தீர்ப்பாயத்தில் மனுத் தாக்கல் செய்யலாம். இவற்றில் எது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மனுதாரருக்கே உரியது. காப்பீட்டு நிறுவனத்துக்கு அலுவலகம் உள்ள இடத்தில் தாக்கலான மனுவையும் எல்லைக் காரணம் காட்டித் தள்ளுவது முறையல்ல என்று 2016இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே மதுரையிலேயே தாக்கல் செய்யுங்கள்.

இரண்டாமவர் சொன்னதைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். 1988ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது ஆறு மாதக் காலவரம்பு இருந்தது. அதனால் எத்தனையோ குடும்பங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டதைக் கண்ட நாடாளுமன்றம், 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த வரம்பையே நீக்கியது. ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் நிலைமை அப்படியே இருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மீண்டும் கொண்டுவந்து, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. துக்கத்தில் இருக்கும் குடும்பம், ஈமக்கடன் முடிந்து, வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்து, ஒரு வழக்கறிஞரைக் கண்டுபிடிப்பதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும் என்பதை அறிந்தவன் என்ற முறையில், இந்த வரம்பு கொடியது என்பதே என் கருத்து. இதன் செல்லுபடியை எதிர்த்துப் பல மனுக்கள் உச்ச நீதிமன்றத்தின் முன் உள்ளன. 2025 நவம்பரில் அந்த நீதிமன்றம், காலம் கடந்துவிட்டது என்ற காரணத்துக்காக மட்டும் இழப்பீட்டு மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று தீர்ப்பாயங்களுக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் இடைக்காலமாக உத்தரவிட்டது. இடைக்கால உத்தரவின் நிழலில் நீண்ட நாள் உட்கார்ந்திருக்க முடியாது; இந்த வாரமே தாக்கல் செய்யுங்கள். தாமதத்துக்கான காரணங்களைத் தேதிவாரியாகக் குறிப்பிட்டு ஒரு பிரமாணப் பத்திரமும் உடன் இருக்கட்டும்.

இன்னொரு வேலையும் உண்டு. விபத்து நடந்த எல்லையின் காவல் நிலையம், முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும், விரிவான விபத்து அறிக்கையை 90 நாட்களுக்குள்ளும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022 முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதிகள் கூறுகின்றன. இவற்றைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்று அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் விரிவான கட்டளைகள் பிறப்பித்தது. காவல் துறை அனுப்பும் அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகக் கருத வேண்டும் என்று 166ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவு சொல்வதால், உங்கள் தந்தையின் விபத்து தொடர்பாக அப்படி ஓர் அறிக்கை கிருஷ்ணகிரித் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறதா, போயிருந்தால் எந்தத் தேதியில் என்று எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆறு மாதத்துக்குள் அது போயிருந்தால், காலவரம்பு குறித்த வாதத்தில் உங்கள் கை ஓங்கும்.

கேள்வி: நான் சேலம் மாவட்டத்தில் கைத்தறி நெசவாளி. பேருந்து மோதி இடது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. மருத்துவக் குழு 35 சதவீதம் ஊனம் என்று சான்று கொடுத்திருக்கிறது. 35 சதவீதத்துக்குத்தான் பணம் கிடைக்கும் என்கிறார்கள். ஆனால் என்னால் தறியில் உட்காரவே முடியவில்லை.
– ஒரு வாசகர், இளம்பிள்ளை

பதில்: உங்கள் கடைசி வாக்கியம்தான் உங்கள் வழக்கு. அதைத் தீர்ப்பாயத்தில் யாராவது சொன்னார்களா என்பதே என் முதல் கேள்வி.

உடலின் ஊனம் வேறு, அதனால் சம்பாதிக்கும் திறனில் ஏற்படும் இழப்பு வேறு என்று 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. காயம்பட்டவரால் இனி எவற்றைச் செய்ய முடியும், எவற்றைச் செய்ய முடியாது என்று முதலில் பார்க்க வேண்டும். விபத்துக்கு முன் அவர் என்ன தொழில் செய்தார் என்று அடுத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தொழிலை அவர் முற்றிலும் விட நேர்ந்ததா, ஓரளவு தொடர முடிகிறதா, வேறு ஏதேனும் செய்து பிழைக்க முடியுமா என்று அதன்பின் முடிவு செய்ய வேண்டும். மருத்துவச் சாட்சியம் தரப்படும்போது தீர்ப்பாயம் வாய் மூடிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அதன் கேள்விகளை அதுவே கேட்க வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் சாரம். சிகிச்சை அளிக்காத மருத்துவர் தரும் ஆயத்தச் சான்றிதழ்களை எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்றும் அது கூறியது. இன்னொரு நுட்பமும் உண்டு: சான்றில் உள்ள 35 சதவீதம் அந்தக் காலுக்கு மட்டுமா, முழு உடலுக்குமா என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் மருத்துவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்த வேண்டும்.

குழித்தறியில் உட்கார்ந்து பார்க்காதவருக்கு உங்கள் இழப்பு புரியாது. குழிக்குள் கால்களை இறக்கி, மிதிக்கட்டையை மாறி மாறி மிதித்தால்தான் பாவு நூல் பிரிந்து, ஊடை நூலைக் கொண்டுசெல்லும் நாடா ஓட வழி கிடைக்கும். முழங்கால் மடங்காதவர் குழிக்குள் இறங்கவும் முடியாது, இறங்கினாலும் மிதிக்க முடியாது. அலுவலகத்தில் எழுதிப் பிழைப்பவருக்கு 35 சதவீதமாக நிற்கும் அதே முழங்கால், உங்களுக்கு ஏறத்தாழ முழு இழப்பு. இதைத் தீர்ப்பாயத்தின் பதிவில் ஏற்றுவதற்கு, உங்கள் சொந்தச் சாட்சியத்தோடு, உங்களுக்கு நூல் கொடுத்துத் துணி வாங்கிய மாஸ்டர் வீவரையோ உடன் நெய்தவரையோ சாட்சியாக அழையுங்கள். சிகிச்சை அளித்த மருத்துவருக்குச் சம்மன் கேளுங்கள். அவர் வேலைப்பளுவால் வரத் தயங்கினால், அவருக்கு வசதியான நேரத்தைக் குறித்துக் கொடுக்கவோ, தன் சார்பில் சாட்சியம் பதிவு செய்யும் ஆணையர் ஒருவரை நியமித்து மருத்துவமனையிலேயே சாட்சியம் பதிவு செய்யவோ தீர்ப்பாயத்தை வேண்டலாம். இவை போதாத இடத்தில், குறிப்பிட்ட பொருளில் தனி அறிவு படைத்த ஒருவரைத் தன் உதவிக்கு அமர்த்திக்கொள்ளும் அதிகாரமும் 169ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவில் இருக்கிறது. அதிகம் எடுத்தாளப்படாத உட்பிரிவு அது. உங்களைப் போன்றவர்களின் வழக்கறிஞர்கள் அதை அடிக்கடி நினைவூட்டினால் நல்லது.

கேள்வி: என் மகன் மீது மோதிய வேன் ஓட்டுநரைக் குற்றவியல் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. இழப்பீட்டு வழக்கும் இதோடு போய்விடுமா? நாங்கள் மனுவில் 5 லட்சம்தான் கேட்டிருக்கிறோம். அதற்கு மேல் கிடைக்காது என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அம்மா, இரண்டுக்கும் பதில் 'இல்லை' என்பதே. குற்றவியல் வழக்கில் ஐயத்துக்கு இடமின்றிக் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும். தீர்ப்பாயத்தில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு உண்டு என்று காட்டினால் போதும். சாட்சிகள் பிறழ்ந்ததால் வந்த விடுதலை உங்கள் மனுவை முடித்துவிடாது. ஆனாலும் முதல் தகவல் அறிக்கையையும் குற்றப்பத்திரிகையையும் மட்டும் தாக்கல் செய்துவிட்டு இருந்துவிடாதீர்கள்; விபத்தை நேரில் கண்ட ஒருவரையேனும் தீர்ப்பாயத்தில் விசாரியுங்கள். 168ஆவது பிரிவு தீர்ப்பாயத்துக்கு இட்ட கடமை நியாயமான இழப்பீட்டை நிர்ணயிப்பது என்பதால், மனுவில் கேட்டதைவிட அதிகமாக வழங்கவும் தடையில்லை என்று 2002இல் நாகப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

கேள்வி: என் கணவரின் விபத்தில் இழப்பீடு வழங்கப்பட்டு, என் மகளின் பங்கு அவளுக்கு 18 வயதாகும்வரை வங்கியில் நிரந்தர வைப்பாக இருக்கிறது. அவளுக்கு இப்போது 17. கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, கட்டணம் கட்டப் பணமில்லை. வங்கி தர மறுக்கிறது. என் பங்குத் தொகையையும் வாகன உரிமையாளர் இன்னும் முழுதாகச் செலுத்தவில்லை. வண்டிக்குக் காப்பீடு இல்லாததால் அவர்தான் கட்ட வேண்டும் என்பது தீர்ப்பு.
– ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: வங்கி மறுப்பது சரியே, தீர்ப்பாயத்தின் உத்தரவின்றி அது தர முடியாது. நீங்கள் போக வேண்டிய இடம் தீர்ப்பாயம். சிறுவர்களின் தொகையை வைப்பில் வைக்கும் வழக்கம், 1993இல் சுசம்மா தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்களிலிருந்து உறுதிப்பட்டது. படிப்பறிவில்லாத, ஆதரவற்ற குடும்பங்களின் பணத்தை மற்றவர்கள் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்ற அக்கறையே அதற்குக் காரணம். அந்த அக்கறை இயந்திரம் போல் ஆகி, உண்மையான தேவைக்கும் பணத்தை விடுவிக்க மறுக்கும் நிலை வந்தபோது, 2012இல் ஏ.வி. பத்மா வழக்கில் அதே நீதிமன்றம், மனுதாரரின் வயதையும் கல்வியையும் தேவையையும் பார்த்து மனதைச் செலுத்தி முடிவெடுக்க வேண்டும் என்று கூறியது. கல்லூரியின் சேர்க்கை ஆணை, கட்டண விவரத் தாள், கட்ட வேண்டிய கடைசித் தேதி ஆகியவற்றை இணைத்து, மகளின் பாதுகாவலர் என்ற முறையில் பணம் விடுவிக்கக் கோரும் மனுவைக் கொடுங்கள். முழுத் தொகையையும் கேட்காமல் கட்டணத்துக்கு உரியதை மட்டும், அதுவும் கல்லூரியின் கணக்குக்கே நேராகச் செலுத்தும்படி கேட்டால், தயங்கும் தீர்ப்பாயமும் இணங்கும். கடைசித் தேதி நெருங்குவதால், மனுவை அவசரமாக எடுத்துக்கொள்ளும்படி திறந்த நீதிமன்றத்தில் வாய்மொழியாகக் கேட்க வேண்டும் என்று உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

உரிமையாளர் தொகையைச் செலுத்தாதது குறித்து: தீர்ப்பு அறிவித்த 30 நாட்களுக்குள் பணம் டெபாசிட் செய்யப்பட வேண்டும். மேல்முறையீட்டுக்கு 90 நாள் அவகாசம் உண்டு என்பதாலோ, மேல்முறையீடு போட்டிருக்கிறோம் என்று அவர் சொல்வதாலோ அந்தக் கடமை நின்றுவிடாது. உயர் நீதிமன்றம் தடை உத்தரவு கொடுத்திருந்தால்தான் நிற்கும். தடையில்லை என்றால் நிறைவேற்று மனு தாக்கல் செய்யுங்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 169ஆவது பிரிவில் நான்காம் உட்பிரிவைச் சேர்த்து, தீர்ப்பாயத்தின் முடிவை உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பாணையைப் போலவே நிறைவேற்றும் அதிகாரத்தை வழங்கியிருக்கிறது. தொகை கட்டாத போக்குவரத்துக் கழகத்தின் பேருந்தை நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்தில் ஜப்தி செய்யும் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். தனியார் உரிமையாளரின் அசையும் சொத்துக்கும் அசையாச் சொத்துக்கும் அதே வழிதான். 174ஆவது பிரிவின்படி மாவட்ட ஆட்சியருக்குச் சான்றிதழ் அனுப்பச் செய்து, நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கும் வழியும் இருக்கிறது. எந்த வழியில் போனாலும், அவருடைய சொத்து விவரத்தைக் கொடுக்க வேண்டியது நீங்கள்தான். சார் பதிவாளர் அலுவலகத்தில் அவர் பெயரில் உள்ள நிலத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்து, வட்டார போக்குவரத்து அலுவலகத்தில் அவர் பெயரில் வேறு வண்டிகள் உள்ளனவா என்று பார்த்து, அந்தப் பட்டியலோடு உங்கள் வழக்கறிஞரைச் சென்று பாருங்கள். அவர் நிலத்தை விற்கும் முன்பாகவே ஜப்தி மனு போய்ச் சேர வேண்டும்.